வெறுங்கையோடு முகாமுக்கு

கர்த்தர் கிருபையால் மில்லர்புரத்தில் பஸ் ஏறியதும் சன்னலோரம் இடம் கிடைத்தது. முன் சீட்டில் ஓர் இளம் ஊழியக்காரரும் அவர் சபை அண்ணாச்சி ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னைக்கு ஒண்ணுமே கொண்டு போகல, அண்ணாச்சி."

"இலங்கையிலேர்ந்து அகதியா வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகல. அவுகளப் பாக்க கைய வீசிட்டா போறீரு? நல்ல ஊழியம்வே!"

"அரிசியோட போன வாரம் போனேன். கதவச் சாத்திட்டாங்க. போற நேரமெல்லாம் அந்த வீட்டு அக்கா தேத்தண்ணி போட எந்திரிக்கும். பாவம், இல்லாதவங்கன்னு நான் வேண்டாம்னுருவேன். 'நாங்கள் தாறதைக் குடிக்க மாட்டீங்கள், நீங்கள் தாறதை மட்டும் நாங்கள் வாங்கோணுமோ?'ன்னு கேட்டுட்டு அந்தக்கா."

"இன்னைக்கும் திறக்கலைன்னா?"

"திறப்பாங்க, அண்ணாச்சி."

முகாம் வாசலில் ஆட்கள் ஏற பஸ் நின்றது. இளம் ஊழியக்காரர் இறங்கிப்போய் ரோட்டோரத்து முதல் வீட்டைத் தட்டினார்.

"அக்கா, குடிக்கத் தேத்தண்ணி தாரீங்களா?"

கதவு பாதி திறந்தது.

"சீனி முடிஞ்சுது. வெறும் தேத்தண்ணிதான். குடிப்பீங்களோ?"

"ரெண்டு கிளாஸ் குடிப்பேன்க்கா."

பஸ் கிளம்பும்போது அந்த வீட்டு வாசலில் அவருடைய செருப்பு மட்டும் கிடந்தது.