நீளச் சங்கு

ஹலோ... ஆமா, அக்காதான் பேசுறேன்... இல்லடா, வீட்ல இல்ல. கீழ, குவாரி கேட்டுகிட்ட நிக்கிறேன். அம்மாவும்தான். தரையில உக்காந்துட்டாங்க...

என்ன ஆச்சா? நீ குவாரியோட பழைய சைரன் சங்க ஊதினல்ல, அதான் ஆச்சு... தெரியும், தெரியும். சுத்திப் பாக்க வந்தவங்களுக்குச் சும்மா ஊதிக் காட்டின. சரி. விட்டு விட்டு மூணு தடவ ஊதினியே, அது எதுக்குன்னு தெரியுமா?... வேட்டு வைக்கிறதுக்கா? இல்லடா. கல்லு சரிஞ்சு ஆள் உள்ள மாட்டிக்கிட்டா ஊதுறது அது... ஆமா. அப்பாவுக்கு அதான் ஊதினாங்க. நீ அப்போ கைக்குழந்தை, உனக்கு எப்படித் தெரியும்.

மூடிக் கெடக்குற குவாரிக்கு, தெருவுல இருக்குற அத்தன பொம்பளைங்களும் ஓடி வந்தோம். என் கையில இன்னும் சோப்பு நுரை. நீ கூட்டிட்டு வந்தவங்க இதையும் ஷோன்னு நெனச்சுக் கை தட்டினாங்க... ஆமாடா, தட்டினாங்க. ஒருத்தரு அம்மாவ ஃபோட்டோகூட எடுத்தாரு.

அழாதே... நீ அழுதா நானும்... இரு.

மத்தவங்க உன்னைத் திட்டிட்டுப் போயிட்டாங்க. அம்மாதான், அப்பாவ வெளிய எடுத்துட்டாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஏற்கெனவே மறதி, இப்ப அவரு செத்ததே மறந்துபோச்சு... சொல்லாம இருப்பேனா? சொன்னேன். என்னை முறைக்கிறாங்க.

சாயங்காலம் குவாரிய ஃபேக்டரிக்குக் குடுக்கலாமான்னு ஓட்டெடுக்குற கூட்டமா?... உன் பக்கம்தான்டா கை தூக்கறதா இருந்தேன். ஃபேக்டரி வந்தா மறுபடியும் தூசு, மறுபடியும் சங்கு. குவாரிப் பள்ளத்துத் தண்ணியில சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு நீங்க படகு விடுறதே தேவலைன்னு நெனச்சேன்... இப்போ எதுவும் தெரியல. அம்மா என் கைய விடவே மாட்டேங்குறாங்க.

வராதே, கீழ வராதே. சங்குகிட்டயே இரு. நீளமா ஒரு தடவ ஊது... ஆமா, ஊதத்தான் சொல்றேன். ஆள் உயிரோட வெளிய வந்தா அப்படித்தான் ஊதுவாங்க. அன்னைக்கு அது ஊதவே இல்ல. அது கேக்காம அம்மா வீட்டுக்கு வர மாட்டாங்களாம்... பொய்தான்டா. எனக்குத் தெரியாதா? ஊது.

...

கேக்குது... ம், கேக்குது... போதும்டா, நிறுத்து.

எழுந்துட்டாங்க. சிரிக்கிறாங்கடா... இரும்மா, ஓடாதே, நானும் வரேன்... அப்பா குளிக்க வெந்நீர் வைக்கணுமாம். புழுதியோட வருவாராம்... டேய், லைன்ல இருக்கியா? வீட்டுக்குப் போனதும் அவரு எங்கன்னு கேப்பாங்களே, நான் என்னடா சொல்லட்டும்?... ஹலோ... ஹலோ...