மான் காத்த வேலி

டீ எனக்கு வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், பித்தம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும். நான் சொல்வதை நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம்.

வல்லம் பக்கம் எங்கள் மலையை பஸ்ஸில் போகிறவர்கள் வெறும் பாறை என்று நினைப்பார்கள். உள்ளே புள்ளிமான் உண்டு, மயில் உண்டு, தேவாங்குகூட உண்டு. போன கோடையில் தண்ணீர் தேடி என் மல்லாட்டைக் கொல்லைக்கு இறங்கிய சினைமானை நாய்கள் கிழித்துப் போட்டன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஊராகப் போய்க் கெஞ்சி, குழு சேர்த்து, மலையைச் சுற்றிக் கம்பிவலை வேலி போட்டோம். ஒரே கேட். சாவி என்னிடம்.

சவுரியம்மாள் என் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய வருபவள். கோடையில் வேலை இருக்காது. மலையில் களாக்காய் பறித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விற்பாள். வேலி வந்த பிறகும் வலைக்கடியில் பள்ளம் பறித்து நுழைந்தாள். நல்லதனமாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. தீப்பிடித்த அன்று காலை அந்தப் பள்ளத்தைக் கல்லும் சிமெண்டும் போட்டு அடைத்தேன். அவள் உள்ளே இருப்பது தெரியும். சாயங்காலம் கேட்டுக்கு வந்து கெஞ்சட்டும், புத்தி வரும் என்று இருந்தேன்.

மத்தியானம் காய்ந்த புல்லில் தீப்பிடித்தது. வைத்தது யாரென்று தெரியாது, நானில்லை. கேட்டுக்கு ஓடினேன். வலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மான்கள்.

"ஐயா, தொறந்து வுடுங்க. கூடைய இங்கயே போட்டுட்டு வர்றேன். இனிமே மலப் பக்கமே வரமாட்டேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் திறந்தால் அவள் மட்டுமா வருவாள்? மான்களும் பாய்ந்துவிடும். கீழே நாய்கள்.

"மேல சுனையாண்ட போயிடு சவுரி. தண்ணி இருக்குது," என்றேன்.

சுனை மாசியிலேயே வற்றிவிட்டது. அவளுக்கும் தெரியும். புகை நெருங்கியதும் மேலே ஏறினாள்.

சாவி வீட்டில் இருந்தது என்று நேற்று சொன்னது பொய். இடுப்பில்தான் இருந்தது.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று ஊரில் பேசுகிறார்களாம். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மறுநாள் அவள் உடலைச் சுனையிலிருந்து தூக்கினீர்கள். மான்கள் வலையோரமாகவே கருகிக் கிடந்தன. நீங்களும்தானே பார்த்தீர்கள், ஒன்றைக்கூட நாய் தொடவில்லை.