பின்னறைக் கூரையின் இடைவெளி

பெயர்: மீரா சாஹிப் ஜவாத். வயது: 47. தொழில்: மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர். முகவரி: பாமன்கடை, கொழும்பு 06. காலமான பாத்திமா நிஹ்லாவின் கணவர். மரண விசாரணையில் அவர் தமிழில் கூறியது தமிழிலேயே பதியப்பட்டது.

ஹப்புத்தளையில் உள்ள சிறிய வீடு என் வாப்பா கட்டியது. அவர் மௌத்தான பின்பு எனக்கு வந்தது. அந்த வீட்டைக் கூட்டாளிமாருக்கும் தங்கக் கொடுப்போம். வாடகை வாங்குவதில்லை. தங்கியவர்கள் புறப்படுமுன் வீட்டில் ஏதாவது ஒரு வேலை செய்து வைப்பார்கள். என்ன வேலை என்று சொல்ல மாட்டார்கள், அடுத்துப் போகிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த விளையாட்டை ஆரம்பித்தவள் நிஹ்லா.

பின்னறையில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. வாப்பா ஏன் அப்படி விட்டார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பலகையில் மிச்சம் பிடித்துவிட்டார் என்று எல்லோரிடமும் பகிடி பண்ணுவோம். குளிருக்கு அந்த அறையில் கரிச்சட்டி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது எங்கள் வழக்கம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சென்ற மாதம் கொட்டாஞ்சேனை றொஹான் தன் குடும்பத்துடன் அங்கே தங்கினான். அவன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. வீட்டுக் கதவுத் திறப்புகளில் ஒரு சாவி எப்போதும் அவனிடம் இருக்கும். அவன் கரி மூட்டுவதில்லை, கரண்ட் ஹீட்டர் கொண்டு போவான்.

அதன்பின் கடந்த சனிக்கிழமை நானும் நிஹ்லாவும் போனோம். போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் றொஹான் செய்த வேலையைத் தேடினாள். குசினிக் குழாய் ஒழுகாததைப் பார்த்து அவனுக்குப் போன் எடுத்து, "பைப்பத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டு, "இல்ல, இன்னும் தேடுங்க" என்றான்.

மறுநாள் பகல் மழை. சாப்பிட்ட பின்பு அவள் படுக்கப் போனாள். நான் கரி மூட்டிச் சட்டியைக் கட்டிலருகே வைத்தேன். அதன்பின் கதவைச் சாத்தும்போது, "இண்டைக்கி அறைக்குள்ள காத்தே வருதில்ல, நல்லா இரிக்கி" என்றாள். நான் விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனேன். முகம் சிவந்து, நல்ல நிறமாக இருந்தாள். ஆழ்ந்து தூங்குகிறாள் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்துத்தான் தொட்டேன். எழும்பவில்லை. அதன்பின் பக்கத்து வீட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கரிப்புகை என்று டாக்டர் சொன்னார்.

அடக்கம் முடிந்த பின்பு றொஹான் எங்கள் கேற்றடிக்கு வந்தான். உள்ளே வரவில்லை. "கரியா வெச்ச?" என்று கேட்டான். ஓம் என்றேன். அப்படியே றோட்டில் உட்கார்ந்துவிட்டான். "அந்த மேல் ஓட்டைய அடைச்சது நான்தான் மச்சான். அம்மா குளிர்ல நடுங்கினா. உங்கட வாப்பா மிச்சம் பிடிச்ச பலகைய நான் போட்டு முடிச்சிட்டன் எண்டு நினைச்சன்" என்றான். அதன்பின் அவனே பொலிசுக்குப் போய்ச் சொன்னான்.

றொஹான் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். நிஹ்லாவின் நானா நபீஸ் எடுக்கத்தான் வேண்டும் என்கிறார். அவருடைய தங்கச்சி, அவர் அப்படித்தான் சொல்வார். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வேண்டாம், அது பொய். அவன் குரலைக் கேட்கவே முடியவில்லை. ஆனாலும் எனக்கு முறைப்பாடு இல்லை. அவன் அடைத்ததை நேற்றுப் பொலிசாருடன் போய்ப் பார்த்தேன். ஒரு கீறல் தெரியாமல் பூசி, வெள்ளை பெயின்ற் அடித்திருக்கிறான். சொந்த வீட்டுக்குக்கூட அவன் அப்படிச் செய்ததில்லை.

பொலிசார் அவனிடமிருந்து எடுத்த வீட்டுத் திறப்பை அவனிடமே திருப்பிக் கொடுக்கும்படி கேட்கிறேன். விசாரணை முடிந்ததும் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். நான் ஏறும்போது ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவனைத்தான் கூட்டிப் போவேன்.

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) மீ. சா. ஜவாத்