ஒரு ராக்கெட்டுக்கு இரண்டு ராக்கெட்

வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் பெயர் மெர்சி. அவள் புருஷன் சவுதியில் டிரைவர். முந்தின நாள் வந்த அவனுடைய கடிதம் அவள் மடியில் விரிந்திருந்தது.

"ஒரு ராக்கெட்டு வந்தா, அதை வானத்துலயே அடிக்க அங்க இருக்க அமெரிக்காக்காரவிய ரெண்டு ராக்கெட்டு விடுதாவளாம்க்கா."

"ரெண்டு எதுக்குட்டி?"

"ஒண்ணு தப்பிப் போனா இன்னொண்ணு அடிக்கணும்லா. ஒரு ராக்கெட்டு வெலைக்கு நம்ம ஊர்ல ஒரு மில்லே கட்டிரலாமாம்."

"ஆத்தாடி! அம்புட்டும் யாரு காசு?"

"சனங்க கட்டுற வரிதான்."

"வரி கட்டாத நமக்கும் அதுல பங்கு இருக்குட்டி. சண்டை ஆரம்பிச்சதுலருந்து மண்ணெண்ணெய்க்கு எம்புட்டு நேரம் நிக்கேன், தெரியுமா?"

மெர்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"ஒண்ணுக்கு ரெண்டா விட்டா சீக்கிரம் தீந்துருமேக்கா. அவிய இருக்க ரூமுக்கு மேல ஒண்ணு வாரப்ப, கையில இருப்பு இல்லன்னா?"

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாமப் பொறப்பட்டு வரச் சொல்லி எழுதுட்டி."

"நேத்தே எழுதிப் போட்டுட்டேன். சம்பளம் கெடந்தா கெடக்கட்டும், வாங்கன்னு."

அவர்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

"வா, வெரசா. இன்னைக்கும் ஓவர்டைம் உண்டு. நாம சுத்துற பேண்டேஜெல்லாம் அங்கதான் போகுதாம்."

படியில் இறங்கிக்கொண்டே மெர்சி சொன்னாள்: "போகட்டும்க்கா. போயி, பிரிக்கத் தேவையே இல்லாம அப்படியே குடோன்லயே கெடக்கட்டும்."