பதினாலு படிக்கு எண்ணெய்

— அதாவது வந்துங்க அம்மிணி, எல்லாரும் எது சீக்கிரம் காயும்னுதான் கேப்பாங்க. இந்த ஊட்டுலதான் தலகீழா கேக்கறீங்க.

— கேட்டதுக்குச் சொல்லுங்க மத்தியாசண்ணா. பதினாலு மரப்படி. என்னென்ன பூசலாம், எதுக்கு எவ்வளவு ஆகும்?

— அரக்குப் பாலீசுன்னா படிக்கு ஆறு ரூவாங்க. கண்ணாடியாட்டம் மின்னும். கொழிஞ்சாம்பாறையில பாதி ஊட்டுக் கதவு நான் தேச்சதுதானுங்க.

— காய எத்தன நேரம்?

— அர மணி.

— அது வேண்டாமுங்க.

— வார்னீசு மூணு ரூவா. ராத்திரி பூசுனா காலையில ஏறலாம்.

— இந்தக் காத்துலயா?

— இந்த ஆனிக் காத்துக்கு நாலு மணி நேரம் போதுமுங்க. உங்கய்யனும் நேத்து உங்கத்தை முன்னால வார்னீசுன்னுதானுங்களே சொன்னாரு?

— அத்தை முன்னால சொன்னாரு. வேறென்ன இருக்குதுங்க?

— ஆளிவிதை எண்ணெய் இருக்குது. காய்ச்சுனதுன்னா ஒரு நாள். பச்சையா பூசுனா மூணு நாளானாலும் கால்ல ஒட்டும். நாலு ரூவா. இத்தன வருசத்துல வேற ஊட்டுல ஆரும் படிக்கு அதைக் கேட்டதில்லீங்க.

— அதையே பச்சையா பூசுங்க. வார்னீசுக்கு மேல ஆகற பதினாலு ரூவாய நான் தர்றேன். காலேஜுல பரிசு வந்த காசு இருக்குது.

— வெள்ளிக்கெழம உங்கத்தை அவிய பையனுக்கு உங்களைக் கேட்டுப் பூ வெக்க வர்றாங்க. படி பிசுபிசுன்னு இருந்தா எப்பிடிங்க?

— வியாழக்கெழம சாயங்காலம் ஆரம்பிங்க. மேல இருந்து கீழ பூசுவீங்களா, கீழ இருந்து மேலயா?

— அதையும் கேக்கறீங்களா? மேல இருந்துதானுங்க. இல்லாட்டி நாந்தானுங்களே மேல மாட்டிக்குவேன்.

— சரி. அப்ப நான் மேல என்ற ரூம்புல இருப்பேன்.

— பொறவு எப்பிடி எறங்குவீங்க?

— எறங்கமாட்டேன்.

— சோத்துக்கு?

— ஒரு கொடம் தண்ணி எடுத்து வெச்சுட்டேன். வாழத்தாரு ஒண்ணு மேலயே தொங்குது. பழுக்கட்டும்னு ஐயன் நேத்துத்தான் கொண்டாந்து கட்டுனாரு.

— எனக்குத் தல சுத்துதுங்க. நீங்க எறங்காட்டி ஆரு தலையில பூ வெப்பாங்க?

— வெக்க முடியாதுங்க. சனிக்கெழம ஆடி பொறக்குது. ஆடி முழுக்க ஆரும் பூ வெக்க வரமாட்டாங்க. அதுக்குள்ள நான் கோயமுத்தூருல எம்.எஸ்ஸி. சேந்துருவேன். எடம் கெடச்சு பத்து நாளாச்சு.

— இதை உங்கய்யங்கிட்டயே சொல்லலாமுங்களே?

— சொன்னா அவரு பாவமுங்க. அத்தை தூக்கி வளத்த தம்பி. அவிய பேச்ச ஒரு தடவ தட்டுனதில்ல. நான் சொன்னா நடுவுல நின்னு தவிப்பாரு. அதனால அவருக்குத் தெரியவே வேண்டாம்.

— அதாவது வந்துங்க... இப்பத்தான் வெளங்குது, அந்த டின்னு எதுக்குன்னு.

— எந்த டின்னு?

— பச்ச ஆளிவிதை எண்ணெய்ங்க. காலையில மொத பஸ்ஸுக்கு உங்கய்யன் பொள்ளாச்சி போயி வாங்கியாந்து குடுத்தாரு. ஆருகிட்டயும் சொல்லாதன்னாரு. உங்க பதினாலு ரூவாய உள்ள வெய்யுங்க அம்மிணி. ‘நம்ம புள்ள கமலம் மேல இருக்கறப்பப் பாத்துப் பூசு’ன்னுட்டுப் போனாரு.