தேய்ந்த பல்

பல்லரோ சந்தையில் நல்ல முருங்கைக்காய் கிடைக்காது என்பதைத் தவிர, பலெர்மோவில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை, சுவாமி. பீலிக்ஸின் ஆண்டு நினைவுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கத்தான் வந்தேன். வந்ததுதான் வந்தேன், பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பது எவ்வளவு வசதியான ஏற்பாடு.

மன்னாரில் நான் தையல் மெஷின் திருத்தியவன். இங்கே சீசா பகுதியில், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரின் வீட்டில் வேலை. சமைப்பது, துடைப்பது, நாயைக் கூட்டிப்போவது. அந்த வீட்டு ஐயா, சிஞ்ஞோரேயிடம் தகப்பனாரின் பழைய துவக்கு ஒன்று இருந்தது. விசையோடு இருக்கும் பிடியைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். பன்றி வேட்டைக்கான சாமான். சிஞ்ஞோரே பன்றியைத் தட்டில் மட்டுமே சந்தித்தவர். ஆனாலும் எந்நேரமும் தோட்டா ஏற்றி, சாப்பாட்டு அறை மூலையில் சாத்தி வைத்திருப்பார். ஊரில் திருடர் அதிகமாம்.

அதில் இரண்டு பழுது. பிடியின் ஆணி ஆடியது, அது சின்ன விஷயம். மற்றது, தோட்டாவை அடிக்கும் சுத்தியலில், அதைப் பாதியில் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்திருந்தது. பல் நன்றாக இருந்தால் துவக்கு விழுந்தாலும் வெடிக்காது. தேய்ந்தால் வெடிக்கும். புதிய சுத்தியல் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய இரும்புக் கடையெல்லாம் அலைந்தேன். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கிழவன், நாளைக்கே வடக்கிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொன்னான். இங்கே 'நாளைக்கு' எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதற்குள் அம்மா இறந்துபோனார். நம் ஆட்களின் வழக்கப்படி, ஊருக்குப் போகுமுன் வேலையை நம்பிக்கையான ஒருவனிடம் விட்டுப் போனேன். அவன்தான் பீலிக்ஸ், உங்கள் பாடகர் குழுவில் முன்வரிசை. வேலையை ஒப்படைப்பவன் வீட்டின் குணத்தையும் ஒப்படைக்க வேண்டும். சிஞ்ஞோரேயின் மனைவி சிஞ்ஞோராவுக்குக் கோப்பி எப்படி, நாய் யாரைக் கடிக்கும், எல்லாம் சொன்னேன். "மூலையைக் கூட்ட முன்னம் துவக்கிலை இருந்து தோட்டாவைக் கழட்டிப்போடு. விழுந்தால் வெடிக்கும்" என்றும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது பீலிக்ஸ்தான் கதவைத் திறந்தான், என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு.

"சிஞ்ஞோராவுக்கு என்ரை கோப்பிதான் பிடிச்சிருக்காம் அண்ணை. நான் என்ன செய்ய?"

பாவம், அவன் என்ன செய்வான். வேலை இல்லாமல் இங்கே தங்கும் அனுமதியை, என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அது இல்லாமல் என் மனைவி அமலினி மடு அகதி முகாமிலிருந்து இங்கே வர முடியாது. அவனிடம் சொன்னேன். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னான். அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, சுவாமி.

இரும்புக் கடைக் கிழவனின் புதிய சுத்தியல் வந்தது. சிஞ்ஞோரே என்னைக் கூப்பிட்டார். ஆணியை மாற்றினேன். சுத்தியலை மாற்றவில்லை. கை களைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஞ்ஞோரே பிடியை இழுத்துப் பார்த்து 'பிராவோ' என்றார். போகும்போது பீலிக்ஸிடம் சொன்னேன்:

"எல்லாம் திருத்தியாச்சு. இனித் தோட்டா கழட்டத் தேவையில்லை. துவக்கைத் தள்ளி வைச்சிட்டுக் கூட்டு."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னால் சரி."

துவக்கு விழும் என்று நான் சொல்லவில்லை. பளிங்குத் தரை, வழுக்கும். அந்தக் கிழமையே விழுந்தது.

விசாரிக்க வந்தவர்களிடம் சிஞ்ஞோரே, தகப்பனார் காலத்துக்குப் பிறகு அதை எவரும் திருத்தவில்லை என்றார். வெளிநாட்டானிடம் துவக்கைக் கொடுத்தது தெரிந்தால் அவருக்கல்லவா கேடு. சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். பீலிக்ஸின் மனைவி சறோஜா என் கையைப் பிடித்து அழுதாள். "நீங்கள்தானே அண்ணை அவருக்கு அந்த வேலையை எடுத்துக் குடுத்தனீங்கள்." அதை எப்படி மறுப்பது.

வேலை திரும்பக் கிடைத்தது. சிஞ்ஞோரா இப்போது என் கோப்பியைக் குறை சொல்வதில்லை.

யோசித்துப் பாருங்கள். தோட்டா ஏற்றியது சிஞ்ஞோரே. விழுத்தியது பீலிக்ஸ். நான் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தேன், அவ்வளவுதான். அதற்கெல்லாம் தண்டனை என்றால் இந்த நகரத்தில் ஒரு மேசனும் மிஞ்சமாட்டான்.

அமலினிக்கு விசா வந்துவிட்டது. அவளை அழைத்துவர நான் ரோமுக்குப் போக வேண்டும். எனக்குப் பதிலாக நிற்கப்போவது சறோஜாவின் தம்பி விமலராஜ். கோப்பி, நாய், எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். வழக்கு முடிந்து துவக்கும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதே மூலை, அதே தேய்ந்த பல். புதிய சுத்தியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இவ்வளவு அலைந்து எடுத்ததை எறிய மனம் வருமா. துவக்கைப் பற்றி மட்டும் விமலராஜிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் போடும் கோப்பியை முதலில் குடித்துப் பார்க்க வேண்டும்.