எட்டாவது ஆள்

— ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லு கங்கப்பா. ரோட்டுல போற ஒவ்வொருத்தனும் உள்ள எட்டிப் பாத்துட்டுப் போறான்.

— நாராயணம்மா, ஷட்டரை இறக்கு. இன்ஸ்பெக்டர் ஐயா வந்திருக்காரு.

— சரி அன்னா. சோறு முடிஞ்சி போச்சி. ரெண்டு மணி ஷிப்டு ஆளுங்க வழிச்சித் தொடச்சிட்டுப் போய்ட்டாங்க. டீ வேணா போடறன்.

— போடும்மா, சக்கரை கம்மியா. ஏனப்பா, இந்தம்மா உள்ளயேதான் இருக்குமா?

— பாத்திரம் கழுவுற சத்தத்துல அதுக்கு நம்ம பேச்சு எங்க சார் கேக்கப் போவுது. ஒம்போது வருசமா சூளகிரி சிப்காட்டு தகவலெல்லாம் நான் பொறுக்குனது இந்த மெஸ்ஸு பெஞ்சில உக்காந்துதான். இங்க பேசுனது வெளிய போனதில்ல.

— சரி, நேரா விசயத்துக்கு வர்றேன். அந்த கண்டெய்னர் லாரி கேஸ்ல உனக்குத் தகவல் குடுத்தவன் யாரு?

— எனக்கா சார்?

— பின்ன எனக்கா?

— பதக்கத்துக்குப் போன பேப்பர்ல அப்படித்தான போட்டிருக்கு. "தகவலாளி எனது நேரடித் தொடர்பில் இருந்தவர். அவரைப் பதினான்கு முறை தனியாகச் சந்தித்தேன்." கீழ பூபதின்னு கையெழுத்து. நான்தான சார் உக்காந்து டைப் அடிச்சன்.

— குத்திக் காட்டறதுக்கு இதுவா நேரம்? நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஐஜி கிருஷ்ணகிரிக்கு வர்றாரு. ஹைதராபாத் கோர்ஸுக்கு மூணு பேரை இண்டர்வியூ பண்றாரு. ஆறு மாச கோர்ஸ். தனிப்பிரிவுல அத முடிச்சிட்டு வந்தவன் டிஎஸ்பி ஆகாம இருந்ததில்ல.

— சந்தோசம் சார்.

— என்ன சந்தோசம். அந்த மனுசன் பேப்பரை நம்ப மாட்டாராம். "அந்தத் தகவலாளியக் கூட்டிட்டு வாங்க, தனியா அஞ்சு நிமிசம் பேசணும்"ங்கறாரு. பதினாலு தடவை பாத்தவன் பேரு எனக்கே தெரியாதுன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சிட்டு சொல்றது?

— தகவல் எடுத்தவனுக்கு மட்டும்தான் அவன் பேரு தெரியணும் சார். எழுதக் கூடாது, மேலதிகாரிக்கும் சொல்லக் கூடாது. இந்த வேலைக்கு வந்தப்ப மொத நாள் கிளாஸ்ல சொன்னது. நான் போன ஒரே கிளாஸ்.

— வந்துட்டியா அதுக்கு.

— நாலு தடவை சார். சென்னை ட்ரெய்னிங்குக்கு நாலு தடவை என் பேரு லிஸ்ட்ல வந்திச்சி. நாலு தடவையும் செவப்பு மையில கோடு போட்டீங்க. பக்கத்துல காரணம் வேற. "இவர் இல்லாவிட்டால் நிலையத்துக்குத் தகவல் வராது." பதக்கத்துக்கு எழுதறப்ப மட்டும் நான் இல்லாமயே வந்திடுச்சி.

— டீ அன்னா. சாருக்கு சக்கரை கம்மியா போட்டிருக்கன்.

— வெச்சிட்டுப் போம்மா. இத பாரு கங்கப்பா, உன்ற வயித்தெரிச்சல் எனக்குப் புரியாம இல்ல.

— உங்களுக்குப் பதக்கம் குத்துன அன்னிக்கி நான் எங்க இருந்தன் தெரியுமா? ஸ்டேடியம் கேட்டுல. பைக்க இங்க வுடாத, அங்க வுடுன்னு விசில் ஊதிட்டிருந்தன். மைக்குல உங்க பேரச் சொல்லி நான் எழுதுன வரியப் படிச்சாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனன், வாயில விசிலோட.

— போச்சாது விடு. அதுக்கெல்லாம் சேத்து இப்ப செய்யறேன். பேரைச் சொல்லு. அடுத்த சென்னை லிஸ்ட்ல மொதப் பேரு உன்னுது. வர்ற வருசம் பதக்கத்துக்கும் நானே எழுதறேன். என்ற கொழந்தை மேல சத்தியம்.

— கொழந்தய எதுக்கு சார் இழுக்கறீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறன். மறைக்காம சொன்னீங்கன்னா பேரச் சொல்லிடறன்.

— கேளு.

— என் ரிப்போர்ட்டுல ஏழு பேருன்னு எழுதியிருந்தன். நீங்க எட்டு பேரப் புடிச்சீங்க. எட்டாவது ஆளு எங்கருந்து வந்தான்?

— அது எதுக்கு இப்ப?

— ஒம்போது வருசத்துல என் தகவல் ஒரு தடவகூடத் தப்பானதில்ல. அதான் உறுத்துது.

— தப்பொண்ணும் இல்ல. ஏழு பேரு லாரிய மறிக்க வந்தவனுங்க. சரி. அந்த லாரில செல்போன் வருது, இத்தன மணிக்கு வருதுன்னு உள்ள இருந்து ஒருத்தன் சொல்லாம இவனுங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஆளு இல்லாம கேஸு மொட்டையா நின்னுச்சு. மொட்டைக் கேஸுக்குப் பதக்கம் குடுப்பாங்களா?

— அப்பறம்?

— சர்வீஸ் ரோட்டு டீக்கடைகிட்ட ஒருத்தன் நின்னுட்டிருந்தான். கழுத்துல குடோன் ஐடி கார்டு. பாத்தேன், சரியா இருந்துச்சு. வண்டில ஏத்துன்னேன்.

— அவன் ஒண்ணும் பண்ணலன்னு தெரியுமா?

— அழுதான். எல்லாருந்தான் அழுவானுங்க. தெரியும்னே வெச்சுக்க. இப்ப என்ன, ஜாமீன்ல வெளிய வந்துட்டானல்ல.

— நான் அன்னிக்கி கூட வந்திருந்தன்னா ஏத்த வுட்டிருக்க மாட்டன்.

— அதான் உன்னைக் கூட்டிட்டுப் போகல. ஸ்டேஷன்ல உக்கார வெச்சேன். கூட்டிட்டுப் போயிருந்தா பத்திரிகைக்காரனுங்க எடுத்த போட்டோல நீயும் வந்து நின்னிருப்ப. போதுமா? பேரைச் சொல்லு.

— மாரிமுத்து.

— எந்த மாரிமுத்து?

— குடோன்ல போர்க்லிப்ட் ஓட்டுனவன். வூடு மத்திகிரி.

— இரு. அந்த எட்டாவது...

— அவன்தான் சார்.

— வெளையாடாத கங்கப்பா.

— அந்தக் கும்பல் மொதல்ல அவன்கிட்டதான் வந்து கேட்டாங்க, லாரி எப்ப வருதுன்னு. அன்னிக்கே இந்த பெஞ்சில வந்து உக்காந்து சொல்லிட்டான். ஆறு மாசம் அவங்க கூடவே சுத்த வெச்சன். புடிக்கற அன்னிக்கி எந்த வண்டின்னு காட்டறதுக்கு நான்தான் அவன டீக்கடைகிட்ட நிக்கச் சொன்னன். மஞ்சப் பைய கையில புடிச்சிட்டு நில்லு, நான் வந்து உன்ன ஓரமா கூட்டிட்டுப் போயிடறன்னு.

— மஞ்சப் பை...

— கைப்பற்றுன பொருள் லிஸ்ட்ல சேத்திருக்கீங்க சார். பதிமூணாவது அயிட்டம். மஞ்சள் நிறத் துணிப்பை ஒன்று.

— அட சாமி.

— நாளைக்கி அவன ஐஜிகிட்ட கூட்டிட்டுப் போங்க. பதினாலு தடவ பாத்துப் பேசுன ஆள, நல்லாத் தெரிஞ்சே புடிச்சி உள்ள போட்டீங்கன்னு ஆவும். கூட்டிட்டுப் போவலயா, பதினாலும் பொய்யின்னு ஆவும். எது தோதோ பாத்துக்கங்க.

— நான் எதுவுமே சொல்லலைன்னுவேன். உன்ற வார்த்தை, என்ற வார்த்தை. ஹெட் கான்ஸ்டபிள் பேச்ச ஐஜி நம்புவாரா, பதக்கம் வாங்குனவன் பேச்சயா?

— கொழாய் சத்தம் நின்னு ரொம்ப நேரம் ஆவுது. கவனிக்கலயா சார்? ஹைதராபாத்துல மொதல்ல அதத்தான் சொல்லித் தருவாங்களாம்.

— யாரு அந்தப் பொம்பள?

— மாரிமுத்துவோட அக்கா. கூடப் பொறந்தவ.

— கங்கப்பா. ஒரே ஒரு போனு. அன்னிக்கி சாயங்காலமே "சார், அவன் நம்ம ஆளு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே. எப்.ஐ.ஆர்.கூட அப்ப போடல. நான் என்ன ராட்சசனா?

— வுட்டிருப்பீங்க. தெரியும்.

— அப்பறம் ஏன்யா சொல்லல?

— சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? அவன் வூட்டுக்குப் போயிருப்பான். நீங்க வேற எவனயாச்சும் ஏத்தியிருப்பீங்க. பதக்கம் எப்படியும் உங்களுக்குத்தான். நான் மறுபடியும் விசில் ஊதியிருப்பன். எனக்கு உங்க கையெழுத்து வேணும் சார். தகவலாளி உங்க ஆளுன்னு நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, சென்னைக்குப் போய்ச் சேரணும். அதுக்கு எட்டு மாசம் ஆச்சி. காத்திருந்தன். பேப்பர் போன பொறவு நானே வக்கீல் வெச்சி ஜாமீன் எடுத்தன்.

— எட்டு மாசமும் அவன் உள்ள இருந்தானேய்யா. அந்த ஏழு பேரு கூடவே. அவனுக்குக் கண்ணு போனது...

— நாலாவது மாசம். எவனோ அவன்தான் காட்டிக் குடுத்தவன்னு மோப்பம் புடிச்சிட்டான். ஒரு கண்ணு. அப்பயே வாயத் தொறந்திருக்கலாம். கை வரைக்கும் வந்தத வுட மனசு வரல. அதுவும் உங்களாலதான சார், என்னாலயா?

— நீயெல்லாம் மனுசனா?

— நீங்க தயார் பண்ண ஆளுதான். கெளம்புங்க. ஜீப்ப நெழல்ல வுட்டிருக்கீங்க, கம்பெனி பஸ்ஸு திரும்பற எடம் அது.

— இத இத்தோட விட மாட்டேன்.

— பத்து மணிக்கு சார். சட்டைல பதக்கத்தக் குத்திட்டு வாங்க.

— ஷட்டரத் தூக்கும்மா. தூக்கும்மான்னா.

— தூக்கியாச்சி சார். தல இடிக்கும், குனிஞ்சி போங்க.

— போய்ட்டாரா?

— ஜீப்பு எடுத்துட்டாரு அன்னா.

— உக்காரு நாராயணம்மா. மாரிமுத்துவுக்கு நான் குடுத்த வாக்கு இது. எட்டாவது ஆளுன்னு எழுதுன கைய ஒடச்சிட்டன். எல்லாம் கேட்டுச்சா?

— கேட்டிச்சி.

— இன்ஸ்பெக்டரு தெரிஞ்சேதான் ஏத்துனன்னு சொன்னது?

— அதும் கேட்டிச்சி. அன்னா, மனு போட்டு ஜெயிலுக்கு நான் பாக்கப் போறப்பல்லாம் நீங்க ஒரு வார்த்த சொல்லி அனுப்புவீங்க. "வாயத் தொறக்காத, அன்னா உன்ன வெளிய எடுக்க ஓடிட்டிருக்காரு"ன்னு. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு நான்தான் அவன்கிட்ட சொன்னன். கண்ணுல கட்டு போட்டு வந்து நின்னான். அன்னிக்கும் அதயேதான் சொன்னன். சரிக்கான்னு தலையாட்டிட்டுப் போனான்.

— நாராயணம்மா, நான் காத்திருந்தன்னு சொன்னது இன்ஸ்பெக்டரப் பேச வெக்கறதுக்குத்தான். அவன் கோவத்துல கேட்டதால...

— டீ ஆறிப் போச்சி அன்னா, வேற போடவா?

— டீய வுடு. நாளைக்கி ஐஜி முன்னால என்ன சொல்லணும்னு நெனப்பிருக்கில்ல?

— இருக்கு. காலையில நீங்கதான உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தீங்க. கேட்டத கேட்ட மாதிரியே சொல்லணும், ஒரு வார்த்த கூட்டக் கூடாது, ஒரு வார்த்த கொறைக்கக் கூடாதுன்னு. இன்ஸ்பெக்டர் பேசுனத மொதல்ல சொல்றன் அன்னா. அப்பறம் நீங்க பேசுனது.